கே.டி. கொடுக்க மறுத்தால் அன்எம்ப்ளாய்மென்ட் கிடைக்குமா?

கேள்வி இதுதான்: கலிஃபோர்னியாவில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் ஐ.டி. பிரிவில் 11 வருட வேலை, கையில் கிரீன் கார்டு. உங்கள் டீமின் மொத்த வேலையும் வெளி நிறுவனம் ஒன்றுக்குப் போகிறது. 60 நாள் நோட்டீஸ் வந்துவிட்டது. அந்த 60 நாளும் உங்கள் இடத்துக்கு வருகிறவர்களுக்கு நீங்களே உட்கார்ந்து கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அதாவது உங்கள் வேலையைச் சொல்லிக்கொடுப்பது) கொடுக்க வேண்டும். அதைத் 'திருப்திகரமாக' முடித்தால் 16 வாரச் சம்பளம் செவரன்ஸ், அதாவது அனுப்பும்போது நிறுவனம் தரும் தொகை. "கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை போனவருக்கு மாநிலம் வாராவாரம் தரும் உதவித்தொகை) கிடைக்குமா? இப்போதே ரிசைன் பண்ணிவிட்டுப் போனால் கிடைக்குமா? ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிற என் நண்பனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்கிறீர்கள்.

ரிசைன் பண்ணினால் பெரும்பாலும் கிடைக்காது. மறுத்து, அதற்காக உங்களை வேலையை விட்டு அனுப்பினால் கிடைக்கவும் கூடும், கிடைக்காமலும் போகும்; எப்படியும் மல்லுக்கட்டித்தான் வாங்க வேண்டியிருக்கும். நோட்டீஸில் சொன்ன கடைசி நாள் வரை இருந்து வெளியே வந்தால் பிரச்சினையே இல்லை. நண்பரின் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் நிறையப் பேர் ஒரு இடத்தில் தடுமாறுகிறார்கள். "எப்படியும் என்னை அனுப்பப் போகிறார்கள், தேதியும் குறித்தாயிற்று. நடுவில் நான் என்ன செய்தால் என்ன, கடைசியில் இது லே-ஆஃப்தானே, ஆட்குறைப்புதானே?" என்று நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. உண்மையில் எந்த நாளில் வேலை முடிந்ததோ, அந்த நாளில் அது எதனால் முடிந்தது என்பதைத்தான் பார்க்கும். மார்ச் 31 லே-ஆஃப் என்று எழுதிக் கொடுத்திருந்தாலும், பிப்ரவரி 10 அன்று நீங்களாக ராஜினாமா செய்தால் அது ராஜினாமா. அதே பிப்ரவரி 10 அன்று "சொன்ன வேலையைச் செய்யவில்லை" என்று அவர்கள் அனுப்பினால் அது பணிநீக்கம். மார்ச் 31 என்ற தேதி காகிதத்தோடு நின்றுவிடும்.

அமெரிக்காவில் அன்எம்ப்ளாய்மென்ட் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தோடு வந்தது. மத்திய அரசு சட்டகம் போட்டது, விதிகளை ஒவ்வொரு மாநிலமும் எழுதிக்கொண்டது. அதனால்தான் டெக்ஸாஸில் இருக்கும் மச்சான் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. பணம் வருவது முதலாளி கட்டும் வரியிலிருந்து. அலாஸ்கா, நியூஜெர்சி, பென்சில்வேனியா ஆகிய மூன்று மாநிலங்களில் மட்டும் ஊழியர் சம்பளத்திலும் கொஞ்சம் பிடிக்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் பழைய ஊழியர்கள் எவ்வளவு வாங்குகிறார்களோ, அதற்குத் தகுந்தாற்போல் அந்த நிறுவனத்தின் வரி விகிதமும் ஏறும். உங்கள் விண்ணப்பத்தை ஹெச்.ஆர். எதிர்த்தால், அதற்குக் கோபத்தைவிட இந்தக் கணக்கே காரணமாக இருக்கும்.

நீங்களாக வேலையை விட்டால், அதற்குத் தக்க காரணம் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். அவர்கள் அனுப்பினால், வேலை சம்பந்தமான மிஸ்கான்டக்ட் (நடத்தைக் குற்றம்) நடந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதே பாதி வழக்கு. என் இடத்துக்கு வருகிறவனுக்குக் கற்றுக்கொடுக்க மனம் ஒப்பவில்லை என்பதை ராஜினாமாவுக்குத் தக்க காரணமாக ஏற்க வைப்பது ரொம்பக் கஷ்டம். மனவேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் கோப்பைப் பார்க்கும் அதிகாரி கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் ஒரு நியாயமான ஆள் இந்த நிலைமையில் வெளியே போயிருப்பாரா? சம்பளம் அப்படியே, நேரம் அப்படியே, இடம் அப்படியே இருக்கும்போது பதில் உங்களுக்குச் சாதகமாக வராது.

அப்போது மறுத்துவிட்டு உட்கார்ந்திருந்தால்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மிஸ்கான்டக்ட் என்பதற்கு நாடு முழுக்க நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் விளக்கம் 1941இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் ஒரு டாக்சி ஓட்டுநர் வழக்கில் சொன்னது. முதலாளியின் நலனை வேண்டுமென்றே அலட்சியம் செய்வதுதான் மிஸ்கான்டக்ட். திறமைக்குறைவு, வேலையைச் சரியாகச் செய்ய முடியாமை, நல்லெண்ணத்தோடு எடுத்த தவறான முடிவு இதெல்லாம் அதில் வராது. கலிஃபோர்னியாவும் இதைத்தான் பின்பற்றுகிறது. கூடவே இங்கே கீழ்ப்படியாமைக்கென்றே தனி விதி உண்டு: சட்டத்துக்கு உட்பட்ட, நியாயமான உத்தரவை உரிய காரணமில்லாமல் மறுத்தால் அது மிஸ்கான்டக்ட்.

இடத்துக்கு வருகிறவருக்கு வேலை சொல்லிக்கொடு என்பது சட்டத்துக்கு உட்பட்ட உத்தரவா? வயிறெரிந்தாலும், ஆமாம். 2014 அக்டோபரில் ஃப்ளோரிடாவின் டிஸ்னியில் சுமார் 250 ஐ.டி. ஊழியர்களுக்கு 90 நாள் நோட்டீஸ் கொடுத்து, ஹெச்-1பியில் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தார்கள். நாடே பேசியது. அவர்களில் லியோ பெரேரோ என்பவர் 2016இல் அமெரிக்க செனட்டில் சாட்சியம் சொல்லும்போது குரல் உடைந்து அழுதார். டிஸ்னி மீதும் ஒப்பந்த நிறுவனங்கள் மீதும் அவரும் இன்னொருவரும் போட்ட வழக்குகள் அதே ஆண்டு தள்ளுபடியாகின. உங்கள் மாநிலத்திலேயே, சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ வளாகம் 2017 பிப்ரவரி கடைசியில் 49 நிரந்தர ஐ.டி. ஊழியர்களை அனுப்பிவிட்டு அந்த வேலையை ஹெச்.சி.எல். நிறுவனத்திடம் கொடுத்தது. அரசுப் பல்கலைக்கழகமே செய்தது. ஹெச்-1பியை அதிகமாக நம்பியிருக்கும் நிறுவனங்கள் அமெரிக்க ஊழியரை அப்புறப்படுத்தமாட்டோம் என்று உறுதி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வருகிறவருக்கு வருடம் 60,000 டாலர் சம்பளம் கொடுத்தால் அந்த உறுதியே தேவையில்லை என்று பக்கத்திலேயே ஓட்டையும் வைத்திருக்கிறார்கள். அந்த எண் 1998இல் போட்டது. ஆக, "இந்த உத்தரவே சட்டவிரோதம், அதனால் மறுத்தேன்" என்ற வாதம் அன்எம்ப்ளாய்மென்ட் விசாரணையில் தேறாது.

"ஆனால் கலிஃபோர்னியா நீதிமன்றங்கள் ஊழியர் பக்கம் ஆயிற்றே" என்பீர்கள். ஓரளவு உண்மைதான். இரண்டு தீர்ப்புகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1984இல் அமாதோர் வழக்கு: மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்த பெண், நோயாளிகளிடமிருந்து எடுத்த திசுக்களை வெட்டித் தயாரிக்கும் ஒரு வேலையைச் செய்ய மறுத்தார். தன் பயிற்சிக்கு அது மீறியது, நோயாளிக்கு ஆபத்தாகலாம் என்பது அவர் காரணம். அனுப்பிவிட்டார்கள். அவர் உண்மையாக நம்பிய, நியாயமான காரணம் இருந்ததால் அது மிஸ்கான்டக்ட் ஆகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் பாராட்ரான்சிட் வழக்கு: ஒழுங்கு நடவடிக்கைக் காகிதத்தில் கையெழுத்துப் போட ஓட்டுநர் ஒருவர் மறுத்தார். கையெழுத்திட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று நினைத்தார், யூனியன் ஆள் இல்லாமல் எதிலும் கையெழுத்திடாதே என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். அதிகபட்சம் அது நல்லெண்ணத்தில் நடந்த தவறான முடிவு, மிஸ்கான்டக்ட் இல்லை என்று தீர்ப்பு.

இரண்டிலும் மறுத்ததற்குப் பின்னால் என்ன இருந்தது என்று பாருங்கள். ஒருவருக்கு நோயாளியின் பாதுகாப்பு, இன்னொருவருக்குத் தன் உரிமை போய்விடும் என்ற பயம். அந்த நேரத்தில் அவர்கள் சொன்ன காரணமும் அதுதான். "என் வேலையைப் பறிக்கிறீர்கள், நானே ஏன் உதவ வேண்டும்?" என்பது இந்த வரிசையில் உட்காராது. அது நியாயமான கோபம்தான், ஆனால் நல்லெண்ணத்தில் நடந்த தவறு என்று அதற்குப் பெயர் வைக்க முடியாது. தெரிந்தே, யோசித்தே எடுத்த முடிவு அது. ஒரே ஒரு முறை, எந்த எச்சரிக்கையும் இல்லாத நிலையில் மறுத்து, மறுநாளே அனுப்பிவிட்டார்கள் என்றால் மேல்முறையீட்டில் நீதிபதி உங்கள் பக்கம் சாய வாய்ப்பு உண்டு. எழுத்தில் எச்சரித்து, விளைவையும் சொல்லி, அப்புறமும் மறுத்தீர்கள் என்றால் வாய்ப்பு மெலிந்துவிடும்.

எழுத்தில் வைத்து மறுக்கக்கூடிய விஷயங்களும் உண்டு. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவரை இரவு 10 மணிக்கு இந்தியா டீமோடு கூப்பிட்டு உட்கார வைத்து அந்த நேரத்துக்குப் பணம் தராமல் இருப்பது, அனுமதி இல்லாதவர்களுக்கு வாடிக்கையாளரின் மருத்துவத் தகவல் தெரியும்படி திரையைப் பகிரச் சொல்வது, நடக்காத கே.டி.யை நடந்ததாகக் கையெழுத்திடச் சொல்வது. நீங்கள் தொட்டே இராத ஒரு சிஸ்டத்துக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்வது. இப்படி ஏதாவது வந்தால் அந்த ஒரு பகுதியை மட்டும், காரணத்தைச் சொல்லி, இமெயிலில் மறுங்கள். "மற்றதெல்லாம் செய்யத் தயார்" என்ற வரியும் அதே இமெயிலில் இருக்கட்டும். பிறகு வழக்கு என்று வந்தால் அந்த ஒரு வரி உங்களுக்குப் பெரிய துணை.

நன்றாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எங்கேயும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வாத்தியார் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லி, இருக்கிற டாக்குமென்டைக் காட்டி, எட்டு மணி நேரம் முடிந்ததும் லேப்டாப்பை மூடுவது மிஸ்கான்டக்ட் ஆகாது. வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுப்பது, ஸ்கிரிப்ட்டை அழிப்பது, பாஸ்வேர்டைப் பிடித்துவைத்துக்கொள்வது வேறு ரகம். சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியின் நெட்வொர்க் பொறியாளர் டெர்ரி சைல்ட்ஸ் 2008இல் பாஸ்வேர்டுகளைத் தர மறுத்தார். கைதாகி, கடைசியில் மேயராக இருந்த கேவின் நியூசமிடம்தான் அவற்றைக் கொடுத்தார். 2010இல் அவருக்கு நான்கு வருட சிறைத்தண்டனை. பயிற்சி தர மறுப்பதால் வேலைதான் போகும். அக்சஸ் விஷயத்தில் விளையாடினால் போலீஸ் வரும்.

டீமாகச் சேர்ந்து மறுத்தால் பலம் கூடுமே என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். சேர்ந்து நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதுவது, நிபந்தனைகளை மாற்றக் கேட்பது பொதுவாக 1935 தொழிலாளர் உறவுச் சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும். ஆனால் மற்ற வேலையெல்லாம் செய்வோம், இதை மட்டும் செய்யமாட்டோம் என்று இருக்கையில் உட்கார்ந்தபடியே சம்பளமும் வாங்கினால் அதைப் பகுதி வேலைநிறுத்தம் என்று வகைப்படுத்துவார்கள். அதற்குப் பாதுகாப்பு இல்லை. முழுதாக வெளிநடப்பு செய்தாலோ, தொழில் தகராறில் வேலையை விட்டவருக்கு அன்எம்ப்ளாய்மென்ட் கிடையாது என்று கலிஃபோர்னியாவில் தனியாக ஒரு பிரிவு காத்திருக்கிறது. ஆகவே கடிதம் எழுதுங்கள், அதோடு நிறுத்துங்கள்.

இனி பணக் கணக்குக்கு வருவோம். நீங்கள் கேள்வியில் தொடாத பக்கம் இது, ஆனால் எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. கலிஃபோர்னியாவில் அன்எம்ப்ளாய்மென்ட் வாரத்துக்கு அதிகபட்சம் 450 டாலர். பல வருடமாக அந்த எண் நகரவே இல்லை. வழக்கமான உச்சவரம்பு 26 வாரம். எல்லாம் கூட்டினாலும் 11,700 டாலர், அதற்கும் மத்திய அரசின் வருமான வரி உண்டு; மாநில வரி கிடையாது. உங்கள் சம்பளம் வருடத்துக்கு 1,30,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 2,500. 16 வார செவரன்ஸ் 40,000 டாலர். போதாததற்கு, எட்டு வாரம் முன்னாலேயே வெளியேறினால் அந்தச் சம்பளம் இன்னொரு 20,000. மறுத்தால் அன்எம்ப்ளாய்மென்ட் கிடைக்குமா என்ற கேள்வியில் 11,700 டாலருக்காகக் கவலைப்படுகிறீர்கள். அதே மறுப்பில் போவது 60,000. கலிஃபோர்னியாவில் செவரன்ஸ் வாங்கினாலும் பொதுவாக அன்எம்ப்ளாய்மென்ட் குறையாது, இரண்டையும் ஒன்றாகவே வாங்கலாம். டெக்ஸாஸில் அப்படி இல்லை: வெறும் செவரன்ஸ் என்றால் அந்த வாரங்களுக்கு அன்எம்ப்ளாய்மென்ட் நிற்கும், வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுத்ததற்காக வந்த பணம் என்றால் நிற்காது.

நியூஜெர்சியில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2023 ஏப்ரல் முதல் பெரிய லே-ஆஃப் என்றால் 90 நாள் நோட்டீஸ், வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் வீதம் செவரன்ஸ், இரண்டும் சட்டப்படி கட்டாயம். கம்பெனியின் தயவு இல்லை அது. ஆனால் மிஸ்கான்டக்ட் என்று அனுப்பப்பட்டவர் அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார். எட்டு வாரம் பல்லைக் கடித்திருந்தால் சட்டமே வாங்கிக் கொடுத்திருக்கும் பணத்தை ஒரு மறுப்பில் தாரை வார்ப்பது அங்கேதான் இன்னும் வலிக்கும்.

தகுதி இல்லை என்று முடிவானால் எத்தனை நாளைக்கு என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் ராஜினாமாவோ மிஸ்கான்டக்டோ, வேறு வேலைக்குப் போய் உங்கள் வாரத் தொகையைப் போல ஐந்து மடங்கு சம்பாதிக்கும் வரை கதவு மூடியிருக்கும். 450 என்றால் 2,250 டாலர். நியூஜெர்சியில் சாதாரண மிஸ்கான்டக்ட் என்றால் சில வாரங்களுக்குத்தான் நிறுத்துவார்கள். ஆனால் நீங்களாக விட்டால் எட்டு வாரம் வேலை செய்து பத்து மடங்கு சம்பாதிக்க வேண்டும். கையெழுத்துப் போட்ட ராஜினாமாக் கடிதம் அங்கே பணிநீக்கத்தைவிட மோசம் என்று ஆகிறது.

சரி, என்ன செய்யலாம்? என் யோசனை: மறுக்காதீர்கள், பேரம் பேசுங்கள். அவர்களுக்கு உங்கள் தலையில் இருப்பது வேண்டும். இந்த எட்டு வாரம் கை ஓங்கியிருப்பது உங்களுக்குத்தான். 'திருப்திகரமாக' என்ற சொல்லை நீக்கச் சொல்லுங்கள். யாருக்குத் திருப்தி? உங்கள் மேனேஜருக்கா, வெளி நிறுவனத்துக்கா? அதற்குப் பதில் 'இன்ன தேதி வரை பணியில் இருந்து, குறித்த அமர்வுகளுக்கு வந்தால் போதும்' என்று எழுதி வாங்குங்கள். அன்எம்ப்ளாய்மென்ட் விண்ணப்பத்தை எதிர்க்கமாட்டோம் என்ற வரியும் கேளுங்கள். மாநில அதிகாரி கேட்டால் அவர்கள் பொய் சொல்ல முடியாது, ஆனாலும் தாமாக வந்து சண்டை போடமாட்டார்கள். சேர்ந்திருக்கும் விடுமுறை நாட்களுக்கான பணத்தை இந்தப் பேரத்தில் சேர்க்க விடாதீர்கள். கலிஃபோர்னியாவில் அது சம்பாதித்த கூலி, கே.டி. கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கடைசி நாளில் கைக்கு வர வேண்டும். உங்களுக்கு 40 வயது ஆகியிருந்தால், கூட்டமாக அனுப்பும்போது செவரன்ஸ் ஒப்பந்தத்தைப் படித்து முடிவெடுக்க 45 நாள், கையெழுத்திட்ட பிறகும் திரும்பப் பெற 7 நாள் கொடுக்க வேண்டும் என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. அந்த 45 நாளில் ஒருமுறையாவது எம்ப்ளாய்மென்ட் வக்கீலிடம் காகிதத்தைக் காட்டுங்கள். டீமில் வயதானவர்களை மட்டும் பொறுக்கி எடுத்ததாகத் தெரிந்தால் அதையும் அவரிடம் சொல்லுங்கள். அது அன்எம்ப்ளாய்மென்ட்டைவிடப் பெரிய விவகாரம்.

நோட்டீஸ், செவரன்ஸ் கடிதம், உங்களுக்கு வந்த எச்சரிக்கை இவற்றின் பிரதி வீட்டில் இருக்கட்டும். அதற்காக வேலைக் கோப்புகளை சொந்த ஜிமெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். மறுத்ததற்காக மிஸ்கான்டக்ட் என்று நிரூபிக்கத் திணறும் நிறுவனத்துக்கு நீங்களே கையில் ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

இப்போது நண்பர். ஹெச்-1பியில் இருப்பவர் வேறு முதலாளியிடம் உடனே வேலைக்குச் சேரும் நிலையில் இல்லை என்பதால் பெரும்பாலும் அன்எம்ப்ளாய்மென்ட் கிடைக்காது. கே.டி. கொடுத்தாலும் மறுத்தாலும் அதே கதை. அவருக்கு ஓடுவது வேறு கடிகாரம். 2017 முதல் உள்ள விதிப்படி வேலை முடிந்த நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாள். தங்கும் அனுமதிக் காலம் அதற்குள் முடிந்தால் அதுவரைதான். பொதுவாகக் கடைசியாகச் சம்பளம் கணக்கிட்ட நாளிலிருந்து எண்ணுவார்கள். எட்டு வாரம் பொறுத்துக் கே.டி. கொடுத்தால் வேலை தேட எட்டு வாரமும் 60 நாளும் கிடைக்கிறது. இன்று மறுத்து நாளை அனுப்பினால் மிஞ்சுவது 60 நாள் மட்டும். அனுமதிக் காலம் முடியும் முன்பே நிறுவனம் அவரை அனுப்பினால் ஊர் திரும்ப நியாயமான பயணச் செலவை அவர்கள்தான் கொடுக்க வேண்டும். அவராக ராஜினாமா செய்தால் அதுவும் இல்லை. அவர் மனைவியிடம் ஹெச்-4 (ஹெச்-1பிகாரரின் துணைக்கான விசா) வேலை அனுமதி இருந்து, மனைவிக்கும் வேலை போயிருந்தால், மனைவி தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறோமே, அன்எம்ப்ளாய்மென்ட் வாங்கினால் அரசுக்குப் பாரம் என்று ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். வேலை செய்ததால் கிடைக்கும் உரிமை அது, அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒருவேளை இதையெல்லாம் படிக்கும் முன்பே கோபத்தில் மறுத்து, உங்களை அனுப்பியும் விட்டார்கள் என்றால், விண்ணப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். வேலை போன வாரமே கலிஃபோர்னியாவில் அன்எம்ப்ளாய்மென்ட் கொடுக்கும் துறையான இ.டி.டி.யில் பதியுங்கள், விண்ணப்பம் பதியும் வாரத்திலிருந்துதான் கணக்கு ஓடும், முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது. காரணம் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அனுப்பப்பட்டவர் லே-ஆஃப் என்று எழுதி மாட்டிக்கொண்டால் வாங்கிய பணத்தோடு அபராதமும் கட்ட வேண்டிவரும். தொலைபேசியில் அதிகாரி கேட்கும்போது கம்பெனி செய்த துரோகத்தை அரை மணி நேரம் சொல்லாமல், எந்தத் தேதியில் என்ன கேட்டார்கள், நீங்கள் என்ன காரணம் சொன்னீர்கள், எச்சரித்தார்களா இல்லையா என்பதை மட்டும் சொல்லுங்கள். தகுதி இல்லை என்று கடிதம் வந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்த விசாரணையில் உங்களை நேரில் பார்த்த மேனேஜர் வராமல் ஹெச்.ஆர். ஆள் மட்டும் வந்து "இப்படி நடந்ததாகக் கேள்விப்பட்டேன்" என்றால் அவர்கள் வழக்கு வலுவிழக்கும். அந்த முடிவு வரும் வரை இன்னும் வேலை இல்லை, தேடுகிறேன் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டிய சான்றளிப்பைப் பணம் வராவிட்டாலும் விடாமல் கொடுத்துக்கொண்டே இருங்கள். மேல்முறையீட்டில் ஜெயித்தாலும், சான்றளித்த வாரங்களுக்குத்தான் பணம் வரும்.